பிள்ளைக்கென்று ஒரு ஆள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலப்பாறையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் காலையில் கொழுந்து பறிக்க மலையேறும் தாய் மாலையில்தான் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்புகிறாள். அவள் நோயில் விழுந்தாலோ, தகப்பன் குடித்துவிட்டு அடித்தாலோ, பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் போகிறது. யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை ஒரு கோப்பு. கோப்பு மலையாளத்தில் இருக்கும். பிள்ளை பேசுவதோ தமிழ்.

2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் நல்ல சட்டம்தான். பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும், இறுதி முடிவு 4 மாதத்துக்குள் வர வேண்டும். வளர்ப்புக் குடும்பத்தில் விட்டால், 44-ஆம் பிரிவின்படி குழு மாதந்தோறும் அந்த வீட்டைப் பார்வையிட வேண்டும். தலைவரோடு சேர்த்து ஐந்து பேர் இடுக்கியின் மலைப்பாதைகளில் மாதந்தவறாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் போவார்கள் என்று சட்டத்தை எழுதியவர்களே நம்பியிருப்பார்களா? போகாவிட்டால், பிள்ளையை நேரில் அறியாமலே குழு முடிவெடுக்கும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதிக்கு இதே உறுத்தல் இருந்தது. தன் முன்னால் நிற்கும் பிள்ளையைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்துகொண்டு தீர்ப்பெழுதுகிறோமே என்று அவர் கலங்கினார். 1977-இல் ஊர்க்காரர்களைப் பயிற்றுவித்து, பிள்ளைகளின் சார்பில் நீதிமன்றத்தில் பேசவைத்தார். அதிகாரி மாறுவார், பள்ளி மாறும், வீடும் மாறும்; இந்தத் தன்னார்வலர் மட்டும் வழக்கு முடியும்வரை மாறக் கூடாது. பிள்ளையைப் பார்த்து, டீச்சரிடம் விசாரித்து, கண்டதை எழுதிக் கொடுப்பதே அவர் வேலை. அந்த ஏற்பாடு நாடெங்கும் பரவியது.

அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. வசதியுள்ளவர்கள் ஏழைக் குடும்பங்களை எடைபோடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கேயே உண்டு. பிள்ளை பெற்றோரிடம் திரும்ப இந்த ஏற்பாடு உதவுகிறதா என்பதிலும் ஆய்வாளர்கள் ஒருமுகமாக இல்லை. நமக்கு இது முக்கியமான எச்சரிக்கை. ஒழுகும் கூரையையும் ஒற்றை அறையில் படுக்கும் ஆறு பேரையும் பார்த்து, 'இந்தத் தாய் கவனிப்பதில்லை' என்று எழுதிவிடுகிற ஆள் ஏலப்பாறைக்கு வேண்டாம். கூரை ஒழுகுவதற்குத் தாயா பொறுப்பு? ஏலப்பாறைக்குப் பக்கத்தில் சீந்தலாறும் லோன்ட்ரீயும் உள்ளிட்ட பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் 2000-இல் கைவிடப்பட்ட பிறகு, அங்கே லயங்களைப் பழுதுபார்க்க முதலாளியே இல்லை.

ஆகவே ஆள் அந்த லயத்திலிருந்தே வரட்டும். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி, அங்கன்வாடி ஆயா, தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர், குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்கா என்று ஆளுக்கா பஞ்சம்? போலீஸ் சரிபார்ப்பும் பயிற்சியும் கட்டாயமாக வேண்டும். ஒருவருக்கு ஒரே பிள்ளை, அல்லது ஒரு வீட்டு உடன்பிறப்புகள் போதும். பஸ் கட்டணத்தை அரசு கொடுக்க வேண்டும்; கைக்காசு போட்டுச் சேவை செய்யச் சொன்னால் வசதியுள்ளவர்கள்தான் வருவார்கள்.

முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் துணைநிற்க ஒரு உதவியாளரை நியமிக்க 2020-ஆம் ஆண்டின் விதிகள் வழி செய்கின்றன. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. குற்றத்துக்கு ஆளான பிள்ளைக்குக் கிடைக்கும் துணை, வீட்டை இழந்த பிள்ளைக்கு ஏன் கிடையாது? சட்டசேவை ஆணையத்தின் கீழ் சட்டத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களில் தமிழ் பேசுபவர்களைக் கொண்டே பீர்மேடு தாலுகாவில் தொடங்கலாம்.

கேரள அரசு தன் சிறார் நீதி விதிகளில் இதற்கு இடம் செய்ய வேண்டும். தோட்டத்துப் பிள்ளை எவரையும் தமிழ் தெரிந்த துணை ஒருவர் இல்லாமல் குழு முன் நிறுத்தக் கூடாது என்ற ஒரு வரியை அதில் முதலில் சேர்க்கட்டும்.