வெள்ளைத் தேநீரை மருந்தாக்க வேண்டாம்

அண்மைக் காலமாக எம்மவர் ஒன்றுகூடல்களில் வெள்ளைத் தேநீர் பற்றிய பேச்சு அடிக்கடி அடிபடுகின்றது. உடல் நிறை குறையும், சீனி வருத்தம் கட்டுப்படும், தோல் சுருங்காது, கஃபீன் அறவே இல்லாதபடியால் கர்ப்பிணிகளும் தாராளமாகக் குடிக்கலாம் என்று ஆளுக்கொரு பலன் சொல்கிறார்கள். பிறந்தநாளுக்கும் வீடு குடிபுகுதலுக்கும் அழகான தகரப் பேணியில் அடைத்து அன்பளிப்பாகவும் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பேணியோடு சேர்ந்து வருகின்ற வைத்திய ஆலோசனையைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வெள்ளைத் தேநீர் உலகின் மிக நல்ல பானங்களுள் ஒன்று என்பது என் எண்ணம். அதையே மருந்தென்று நம்பிக் குடித்தால் எல்லோருக்கும் பண நட்டம், சிலருக்கு உடல் நட்டமும்கூட.

முதலில் அது என்னவென்று பார்ப்போம். கறுப்பு, பச்சை, வெள்ளை என்று எந்தத் தேயிலையானாலும் செடி ஒன்றுதான். கமெலியா சினென்சிஸ் என்பது அதன் தாவரவியற் பெயர். கொழுந்தைப் பறித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கின்றது. எமது மலையகத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டி, இயந்திரத்தில் உருட்டி நசித்து, காற்றுப்பட்டுக் கறுக்கவிட்டு, பின் சூட்டில் உலர்த்துவார்கள். பச்சைத் தேயிலையைக் கறுக்க விடாமல் முன்னதாகவே சட்டியில் வறுத்தோ ஆவியில் அவித்தோ விடுவார்கள். வெள்ளைத் தேயிலையை நசிப்பதுமில்லை, வறுப்பதுமில்லை. வாட்டுவார்கள், உலர்த்துவார்கள், அவ்வளவுதான்.

இதன் தாயகம் தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணம். கடலோரத்தை ஒட்டிய ஃபூடிங், அதற்கு உட்புறமாக மலைகளுக்கு நடுவே இருக்கும் ஜெங்ஹெ ஆகிய இரண்டு இடங்களும் மிகவும் பெயர் பெற்றவை. இரண்டு ஊர்களுக்கும் தனித்தனிச் செடி வகைகள் உண்டு. 'பெரிய வெள்ளை' என்ற பொருளில் 'தாபாய்' என்று அவற்றை அழைக்கிறார்கள். இவற்றின் மொட்டு பருத்திருக்கும். அதன்மேல் வெள்ளிபோல் மினுங்கும் மென்மையான பூமயிர் அடர்ந்திருக்கும். வெள்ளைத் தேயிலை என்ற பெயர் இந்த மயிரால் வந்தது. ஊற்றிய தேநீர் வெள்ளையாக இராது. வெளிறிய மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும்.

பறிக்கும் காலம் மிகக் குறுகியது. ஏப்ரல் 5 ஆம் திகதியளவில் சீனர்கள் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து வணங்கும் சிங்மிங் நாள் வரும். அதற்கு முன் பறித்த மொட்டுக்குத்தான் உயர்ந்த விலை. மழை நாளில் பறிப்பதில்லை. பறித்ததை மூங்கில் தட்டுகளில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, இளவெயிலிலும் காற்றோட்டமான அறையிலும் ஒன்றரை நாள் முதல் மூன்று நாள் வரை வாட்டுவார்கள். வெயில் கூடினால் சிவந்துவிடும், ஈரம் தங்கினால் கறுத்துவிடும். ஆகவே காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, மேகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முற்றத்தில் மோர்மிளகாயும் வடகமும் காயவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அம்மாமாருக்கு இந்த வேலையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கடைசியில் மெல்லிய சூட்டில் உலர்த்தி எடுப்பார்கள். ஒரு கிலோ உலர்ந்த தேயிலைக்கு நாலு கிலோவுக்கும் மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். விலை ஏன் அப்படி என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதில் மருந்துக்கென்று ஒரு சதமும் இல்லை.

இடையில் ஒரு சுவையான செய்தி. 'தேயிலை' என்று நாம் சொல்லும் சொல்லில் உள்ள 'தே' இதே ஃபூஜியன் மாகாணத்துப் பேச்சுமொழியிலிருந்து கப்பலேறி வந்ததுதான். இலங்கைத் தேயிலைப் பெட்டிகளில் பி.ஓ.பி. என்று போட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் கடைசி எழுத்து பீக்கோ என்பதைக் குறிக்கும். பீக்கோ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் வெள்ளை மயிர். ஆக, வெள்ளைத் தேயிலையின் பெயர் எத்தனையோ ஆண்டுகளாக எங்கள் குசினியிலேயே இருந்திருக்கின்றது.

விளம்பரங்களில் ஆயிரம் ஆண்டுப் பழைமை, அரசர்கள் அருந்திய பானம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஹுவெய்சோங் என்ற சீனப் பேரரசர் தேநீர் பற்றி ஒரு நூல் எழுதியதும் அதில் வெள்ளைத் தேயிலையைப் புகழ்ந்ததும் உண்மை. ஆனால் அவர் சொன்னது அரிதாகக் கிடைத்த வெளிறிய இலைச் செடி ஒன்றைப் பற்றி. அதை அவித்து, அழுத்தி, பொடியாக்கிக் குடித்தார்கள். இன்று நாம் வாங்குகின்ற வெள்ளி ஊசி என்ற மொட்டுத் தேயிலை 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் உருவானது. மொட்டுடன் ஓரிரு இளம் இலைகளும் சேர்ந்த பைமூடான் அதற்கும் பின்னர், 1920 களில் வந்தது. ஷோமெய் என்பது முற்றிய இலைகள் கூடிய மலிவு வகை. ஆஞ்சி வெள்ளைத் தேயிலை என்று இன்னொன்றும் கடைகளில் கிடைக்கும். அது செஜியாங் மாகாணத்தது. பெயரில் வெள்ளை இருந்தாலும் செய்முறையில் பச்சைத் தேயிலை. 2022 இல் யுனெஸ்கோ சீனாவின் மரபுவழித் தேயிலைச் செய்முறைகளைப் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தபோது ஃபூடிங் வெள்ளைத் தேயிலையும் அதில் சேர்ந்தது. பெருமைப்பட இது போதும், அரண்மனைக் கதை தேவையில்லை.

இனி உடல்நலத்துக்கு வருவோம். வெள்ளைத் தேயிலையில் கட்டெச்சின் முதலிய பொலிபீனோல்கள் இருக்கின்றன. அவை பச்சைத் தேயிலையிலும் இருக்கின்றன. நிறை குறையும் என்ற பேச்சுக்குப் பெரிதும் உதவியது 2009 இல் ஜேர்மனியில் ஓர் அழகுசாதன நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை. ஆய்வுகூடத்தில் வளர்த்த மனிதக் கொழுப்புக் கலங்களின் மேல் வெள்ளைத் தேயிலைச் சாற்றை இட்டுப் பார்த்தார்கள். கொழுப்புச் சேர்வது குறைந்தது. கண்ணாடித் தட்டில் நடந்ததைச் சோறும் கறியும் உண்கிற மனிதருக்கு நடந்ததாகச் சொல்வது எப்படிச் சரியாகும்? சீனி போட்ட பால் தேநீரை விட்டுவிட்டு இதைக் குடிப்பவருக்கு நிறை கொஞ்சம் குறையலாம். அது சீனியை விட்டதன் பலன்.

கஃபீன் இல்லை என்பது முழுப் பிழை. தேயிலைச் செடியில் முற்றிய இலையைவிட இளம் மொட்டில்தான் கஃபீன் கூடுதல். வெள்ளி ஊசி முழுவதும் மொட்டு. குறைந்த சூட்டு நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் கோப்பைக்குள் இறங்குவது குறையும், அவ்வளவே. கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் எடுக்க வேண்டாம் என்பது கனடா சுகாதாரத் திணைக்களத்தின் ஆலோசனை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015 இல் 200 மில்லிகிராம் என்றே வரையறுத்தது. ஒன்றிரண்டு கோப்பை இதற்குள் அடங்கும். 'இதில் ஒன்றுமில்லை' என்று நினைத்து நாள் முழுவதும் குடிப்பதும், அதற்கு மேல் வழக்கமான தேநீர், கோப்பி, கோலா என்று சேர்ப்பதும்தான் கவலைக்குரியது. இரவில் நித்திரை வரவில்லை என்று முறையிடும் முதியவர்களும் மாலையில் என்ன குடிக்கிறார்கள் என்று ஒருமுறை கவனிக்கட்டும்.

எம்மவர் பெண்களுக்கு இதைவிட முக்கியமானது இரும்புச் சத்து. மரக்கறி உணவிலுள்ள இரும்பு இயல்பாகவே குறைவாகத்தான் உடலில் சேர்கின்றது. உணவோடு தேநீர் குடித்தால் அதிலுள்ள பொலிபீனோல்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ள, சேர்வது இன்னும் குறைகின்றது. வெள்ளையோ கறுப்போ, இதில் விதிவிலக்கு இல்லை. கீரையும் பருப்பும் சாப்பிட்ட கையோடு 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு கோப்பை குடித்தால், கீரையின் பலனில் ஒரு பகுதி வீணாகிறது. குருதிச்சோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பருவமடைந்த பெண்பிள்ளைகள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விட வேண்டும். இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். அதற்குத் தேசிக்காய்ச் சாறு நல்லது.

தேயிலைச் சாற்றைச் செறிவாக்கிக் குளிசையாக விற்பவர்களிடம் இன்னும் விழிப்பு வேண்டும். பச்சைத் தேயிலைச் சாற்றுக் குளிசைகளால் அரிதாக ஈரல் பாதிப்பு வரலாம் என்று கனடா சுகாதாரத் திணைக்களம் 2017 இல் எச்சரித்தது. ஈ.ஜி.சி.ஜி. என்ற கட்டெச்சினைக் குளிசைகள் வழியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுப்பது ஈரலுக்குக் கெடுதியின் அறிகுறிகளைக் காட்டுகிறது என்று ஐரோப்பிய சபை 2018 இல் கூறியது. செடி ஒன்றுதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? பேணியில் 'வெள்ளை' என்று எழுதியிருப்பதால் ஈரல் ஏமாறாது. நீரிழிவுக்கு வைத்தியர் தந்த குளிசையைக் குறைத்துவிட்டுத் தேநீரை நம்புவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் செய்கிற அப்பாவோ மாமியோ உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே பேசுங்கள்.

ஃபூடிங் வியாபாரிகள் வழங்கும் ஒரு சொல்வழக்கு உண்டு: ஓராண்டு வைத்தால் தேநீர், மூன்றாண்டு வைத்தால் மருந்து, ஏழாண்டு வைத்தால் புதையல். பழைய சரக்கை விற்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. சுவை மாறுவது உண்மைதான். வைத்த தேயிலையில் உலர்ந்த பேரீச்சம்பழத்தையும் தேனையும் நினைவூட்டும் மணம் வரும், நிறமும் செம்பட்டையாகும். அது பிடித்தவர்கள் அதற்காக வாங்கலாம். ஆண்டுக் கணக்கை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

புதிய வெள்ளி ஊசியின் சுவையை எப்படிச் சொல்வது? நுங்கின் இனிப்பை நினைத்துப் பாருங்கள். சீனி போல் நாக்கில் அடிக்காது. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல வரும். கொஞ்சம் வெள்ளரி வாசம், கொஞ்சம் காய்ந்த வைக்கோல் வாசம். முதற்தடவை குடிப்பவர்கள் 'வெறும் சுடுதண்ணி' என்றுதான் சொல்வார்கள். பாலும் சீனியும் விட்டால் உண்மையிலேயே ஒன்றும் மிஞ்சாது. காரமான சாப்பாட்டுக்குப் பின்னாலும் பிடிபடாது. காலை பத்து, பதினொரு மணிக்கு வெறும் வாயோடு குடித்துப் பாருங்கள்.

மூன்று கிராம் தேயிலைக்கு ஒரு கோப்பை நீர். கொதித்த நீரை நாலைந்து நிமிடம் ஆறவிட்டு, 80, 85 பாகை செல்சியஸ் அளவில் ஊற்றி, மூன்று நான்கு நிமிடம் ஊறவையுங்கள். அதே இலையில் இன்னும் இரண்டு மூன்று முறை ஊற்றலாம். இரண்டாவதுதான் பெரும்பாலும் நன்றாக இருக்கும். குடிக்கும்போதும் ஆறட்டும். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தையும் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016 இல் சொன்னது. சுடச்சுட இறக்கும் எம்மவர் பழக்கத்துக்கு இது பொருந்தும்.

வாங்கும்போது பறித்த ஆண்டையும் ஊரையும் கேளுங்கள். மொட்டுகள் முறியாமல், மயிர் உதிராமல் இருக்க வேண்டும். தூளாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளி ஊசிக்கு மனம் வராவிட்டால் பைமூடான் வாங்கலாம். விலை குறைவு, சுவை அழுத்தம். என் தெரிவும் அதுதான். இலங்கையிலும் இப்படி மொட்டை மட்டும் பறித்து உலர்த்திய தேயிலை கிடைக்கின்றது, வெள்ளி முனை என்ற பெயரில். ஃபூஜியன் சுவை அப்படியே இராது. ஆனால் அதைக் கிள்ளி எடுத்தவை மலையகத்துப் பெண்களின் விரல்கள் என்பதால், கிடைக்கும்போது நான் அதையும் ஒரு பொட்டலம் வாங்குவதுண்டு.