கோவிந்துவின் பெயர் எங்கே?

தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய எந்த ஆய்வேட்டிலும் இராபர்ட் வைட்டின் 'ஐகோன்ஸ்' நூல் ஒருமுறையேனும் மேற்கோளாக வரும். 1838 முதல் 1853 வரை சென்னையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில் 2,101 படங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பலவற்றை வரைந்தவர்கள் முதலில் ரங்கையா, பின்னர் கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். நம் மேற்கோள்களில் அவர்கள் இல்லை.

வைட் ஸ்காட்லாந்துக்காரர், 1819இல் கம்பெனியின் உதவி மருத்துவராக வந்தவர். 1831இல் விடுப்பில் தாயகம் திரும்பியபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் உலர்மாதிரிகளை உடன் கொண்டுசென்றார். அவற்றுக்காகக் காடேறிய உள்ளூர்ச் சேகரிப்பாளர் பலரின் பெயர்களை மீட்பது இனி அரிது. கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனையை நடத்தியதும் இதே வைட்தான். அக்கதை தனியே எழுதத் தக்கது.

வலியசாலையில் வாழும் எம்போன்ற தமிழர்க்குக் குற்றாலம் ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பாலுள்ள அண்டை ஊர். அங்கும் வைட் செடிகள் சேகரித்தார். அம்மலைத்தொடரின் தாவரங்களே இன்று என் ஆய்வுப்பொருள். ஆகவே இவ்வழக்கு எனக்கு அயலானதன்று.

பழியைக் காலனியத்தின்மேல் மட்டும் சுமத்துவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. வைட் தம் படங்களின் அடியில் ஓவியர் பெயரைப் பொறித்தார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்றே பெயரிட்டார். பிற்கால வகைப்பாட்டியலார் அதை 'டிரோப்பீடியா'வில் சேர்த்துவிட்டனர். முந்திய பெயருக்கே முதலுரிமை என்பது விதி, அதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் படத்தடியில் அச்சாகியிருக்கும் பெயரைப் படியெடுக்காமல் விட்டவர்கள் நாம்தான்.

இது வெறும் நன்றிக்கடன் பற்றிய பேச்சன்று. மூலமாதிரி கிடைக்காதபோது, பெயரீட்டு விதிகளின்படி, முதல் விளக்கத்துடன் வெளிவந்த ஓவியமே வகைமாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்படலாம். அப்போது ஒரு சிற்றினத்தின் பெயர் எதைக் குறிக்கிறது என்பதற்கு ஓவியர் கண்டு வரைந்த சூலகமும் மகரந்தப்பையுமே சான்று. உலர்மாதிரிக்குச் சேகரித்தவர் பெயரை எண்ணோடு கேட்கும் நாம், ஓவியச் சான்றுக்கு வரைந்தவர் பெயரைக் கேளாதிருப்பது முறையா?

என் ஆய்வேட்டின் அட்டவணையில் 'ஓவியர்' என ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். மதிப்பீட்டாளர்கள் அதை நீக்கச் சொன்னால், காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்பேன்.