மனப்பாடக் கட்டுரையும் மூவெட் தேர்வும்



சென்ற மாதம் ஒரு திருமண விருந்தில் தந்தையார் ஒருவர் பலர் முன்னிலையில் இவ்வாறு கூறினார்: “இவளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு டீச்சர். இப்பொழுது பாருங்கள், மூவெட்டில் பேண்ட் 2தான் கிடைத்திருக்கிறது.” அருகில் நின்ற அவருடைய மகள் என் முன்னாள் மாணவி. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாண வீட்டில் வழக்காட வேண்டாம் என்று நானும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாத விடையை இன்று சொல்கிறேன்.

மூவெட் என்பது மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு. மலேசியத் தேர்வு மன்றம் இதனை 1999 முதல் நடத்தி வருகிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை பயில விரும்பும் நம் பிள்ளைகள் இதனைக் கடந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு பேண்டைக் கேட்கும். அதனை எட்டாவிட்டால் மற்றப் பாடங்களில் எவ்வளவு சிறப்பாகத் தேறியிருந்தாலும் விரும்பிய துறையின் கதவு திறவாது. ஆகவே, அத்தந்தையாரின் கவலை நியாயமானது. அவர் சாட்டிய குற்றம்தான் நியாயமற்றது.

என் மாணவி தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்றாள். அதன்பின் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டுகள், ஆறாம் படிவத்தில் மேலும் சில காலம். அங்கெல்லாம் தேசியப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்துதான் ஆங்கிலம் கற்றாள். அவளோடு தேர்வெழுதிய தோழியர் இருவர் தேசியப்பள்ளியில் பயின்றவர்கள். அவர்களுக்கும் பேண்ட் 2தான். அவர்களின் பெற்றோர் எந்தப் பள்ளியைப் பழிப்பார்கள்? பிள்ளை சிறந்தால் டியூஷன் மையத்திற்கு மாலை. தவறினால் தமிழ்ப்பள்ளிக்குச் சாட்டை. இது என்ன நீதி?

விருந்து முடிந்த மறுவாரம் அவளே என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு தடித்த கோப்பு. டியூஷன் மையத்தில் கொடுத்த மாதிரிக் கட்டுரைகளாம். நாற்பதுக்கு மேல் இருந்தன. புரட்டிப் பார்த்தேன். சாலை நெரிசலா? ‘உலகமயமாக்கல் விரைந்து பெருகிவரும் இந்நவீன யுகத்தில்’ என்று தொடங்குகிறது. உடற்பருமனா? அதற்கும் அதே யுகம்தான். முதியோர் நலத்திற்கும் அதுவே. தலைப்பை மட்டும் மாற்றிச் சொருகிக்கொள்ளலாம். “எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன் டீச்சர். ஆனால், கேட்ட கேள்வி வேறாக இருந்தது” என்றாள்.

வேறாகத்தான் இருக்கும்! 2021-இல் நடப்புக்கு வந்த அமைப்பின்படி எழுத்துத்தாளுக்கு 75 நிமிடம், இரண்டு பணிகள். முதலாவது, குறைந்தது 100 சொற்களில் ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல். வந்த மடலும் அதன் ஓரக் குறிப்புகளும் வினாத்தாளிலேயே இருக்கும். ஒவ்வொரு குறிப்புக்கும் விடையளிக்க வேண்டும். இரண்டாவது, கொடுக்கப்பட்ட ஒரு கூற்றைப் பற்றிக் குறைந்தது 250 சொற்களில் கருத்துரைக்கும் கட்டுரை. இவற்றுள் எதற்கு அந்தக் கோப்பு உதவும்?

டியூஷன் மையத்தைத் திட்டுவதற்கு நான் வாயெடுத்தேன். அப்பொழுது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “ஆறாம் ஆண்டில் நீங்கள் கொடுத்த ‘நான் ஒரு மிதிவண்டி’ கட்டுரை எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது டீச்சர்!”

எனக்குச் சுருக்கென்றது.

ஆம். 2018-இல் அவள் யூ.பி.எஸ்.ஆர். எழுதினாள். அவ்வாண்டு என் வகுப்பிற்குப் பதினைந்து கட்டுரைகளைப் படியெடுத்துக் கொடுத்தவள் நான்தான். தன்கதை, கற்பனைக் கட்டுரை, கருத்து விளக்கக் கட்டுரை என எல்லா வகையும் உண்டு. உவமைத்தொடர், மரபுத்தொடர் எங்கெங்கு வரவேண்டும் என்பதைக்கூட நானே குறித்துக் கொடுத்தேன். மிதிவண்டியை மூக்குக்கண்ணாடியாக மாற்றும் வித்தையையும் நானே கற்பித்தேன். பிள்ளைகள் ‘ஏ’ பெற்றார்கள். பள்ளி மகிழ்ந்தது. நானும் பாராட்டுப் பெற்றேன். சொந்தமாக ஒரு கருத்தைச் சொல்லி, அதற்கு ஒரு காரணம் காட்டும் பயிற்சியை மட்டும் நான் கொடுக்கவில்லை. தாய்மொழியில் பெறாத அந்தப் பயிற்சியை அயல்மொழியில் அவள் எங்கே போய்த் தேடுவாள்?

எனவே, அந்தத் தந்தையாருக்கு என் விடை இதுதான். தமிழில் படித்ததால் உங்கள் மகள் பின்தங்கவில்லை ஐயா. தமிழில் சிந்தித்து எழுத நாங்கள் விடாததால் பின்தங்கினாள். குற்றம் மொழியுடையதன்று, மனப்பாடத்தினுடையது. அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

இப்பொழுது அவள் ஞாயிறுதோறும் என் வீட்டிற்கு வருகிறாள். கோப்பைக் கட்டி வைத்துவிட்டோம். முதலில் தலைப்பைப் பற்றித் தமிழில் பேசச் சொல்கிறேன். “உன் கருத்து என்ன? ஏன்? உன் வீட்டிலோ தெருவிலோ இதற்குச் சான்று உண்டா?” அதன்பின் அதனைத் தனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் எழுதுகிறாள். கடிகாரத்தை எதிரே வைத்து, கடிதத்திற்கு 25 நிமிடம், கட்டுரைக்கு 50 நிமிடம். திருத்திய பின் அதே கட்டுரையை மீண்டும் எழுதுகிறாள். புதிய கட்டுரை பத்து எழுதுவதைவிட எழுதிய ஒன்றைத் திருத்தி எழுதுவது மேல் என்பதை இருவருமே கற்றுக்கொண்டோம். என் ஆங்கிலம் அப்படியொன்றும் பெரிதன்று. இலக்கணத்தை அவளுடைய ஆறாம் படிவ ஆசிரியர் பார்த்துத் தருகிறார். சென்ற ஞாயிறு அவள் எழுதிய முதல் வாக்கியத்தில் நவீன யுகம் இல்லை. அவள் பாட்டி இருந்தார். கட்டுரை முதியோர் நலம் பற்றியது.

உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே! யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. நம் அலமாரியில் உள்ள அந்தப் படியெடுத்த கட்டுரைகள் இன்னும் அகலவில்லை. மாணவன் பிழையோடு எழுதும் ஐந்து சொந்த வாக்கியங்கள், நாம் எழுதிக் கொடுக்கும் ஐம்பது அழகிய வாக்கியங்களைவிட உயர்ந்தவை. அவற்றைத் திருத்த நேரமாகும், கண் வலிக்கும். ஆனால், அதற்குத்தானே நாம் சம்பளம் வாங்குகிறோம்?

இந்த மாத இறுதியில் அவள் மீண்டும் தேர்வெழுதுகிறாள். என்ன பேண்ட் கிடைக்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். கிடைப்பது எதுவாயினும் அது அவள் சொந்தமாக எழுதியதற்குக் கிடைத்ததாக இருக்கும்.

சிந்திப்போம்.