ஆணி அடிக்கலாமா ஓனர் சார்?

 

இன்டர்வியூ. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர், ‘உங்க வொர்க்கைப் பார்க்கலாமா?’ங்கிறார். நீங்க கெத்தா லிங்க்கை நீட்டுறீங்க. அவர் ஸ்க்ரீன்ல வெள்ளையா ஒரு பக்கம். ‘நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை.’ மூணு வருஷ உழைப்பு அங்கேயே புஸ்ஸ்!

‘சும்மா பயமுறுத்தாதீங்க பாஸ்’ங்கிறீங்களா? நடந்த கதையைக் கேளுங்க.

90-கள்ல இலவசமா வெப்சைட் போட இடம் கொடுத்தது ஜியோசிட்டிஸ். 2009 அக்டோபர்ல யாஹூ அதை இழுத்து மூடுச்சு. ஜப்பான் பிரிவு மட்டும் 2019 வரைக்கும் ஓடுச்சு. இலவசமா படம் ஏத்தவிட்ட போட்டோபக்கெட், 2017-ல திடீர்னு, ‘உங்க படம் வேற சைட்ல தெரியணுமா? வருஷத்துக்கு சுமார் 400 டாலர் எடு’ன்னுச்சு. 2013-ல ஒரு டெராபைட் இடத்தை அள்ளிக் கொடுத்த ஃப்ளிக்கர், 2018-ல கை மாறினதும், இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான்னு அறிவிச்சுது.

யாரையும் திட்டறதுக்காக இதைச் சொல்லலை. வாடகை வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்கணும்னா ஓனரைக் கேட்கணும் இல்லையா? ‘காலி பண்ணு’ன்னா பண்ணித்தான் ஆகணும். நெட்லயும் அதே கதைதான்.

சரி, எங்கே குடியேறலாம்?

பிஹான்ஸ், டீவியன்ட்ஆர்ட், ஆர்ட்ஸ்டேஷன்: கூட்டம் அலைமோதும் கடைவீதி. ஆளுங்க கண்ணுல படுறது ஈஸி. கேம்ஸ், சினிமா பக்கம் போற ஐடியா இருந்தா ஆர்ட்ஸ்டேஷன்ல கட்டாயம் இருங்க. ஆனா ஓனர் மாறுவார். பிஹான்ஸை 2012-ல அடோபி வாங்குச்சு, டீவியன்ட்ஆர்ட்டை 2017-ல விக்ஸ், ஆர்ட்ஸ்டேஷனை 2021-ல எபிக் கேம்ஸ். புது ஓனர், புது ரூல்ஸ்.

இன்ஸ்டாகிராம்: இது ஊர்வலம். இன்னிக்குக் கைதட்டு வாங்கின படம் அடுத்த வாரம் அடியில போயிடும். படத்தையும் அது தன் அளவுக்குச் சுருக்கிக்கும். விளம்பரத்துக்கு ஓகே. போர்ட்ஃபோலியோவுக்கு? ஊஹூம்!

விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், அடோபி போர்ட்ஃபோலியோ: கோடிங் தெரியாமலே சைட் கட்டலாம். அடோபியோடது கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவோட வருது. ஸ்டூடன்ட் டிஸ்கவுன்ட்ல சந்தா கட்டறவங்க உஷார்! காலேஜ் முடிஞ்சு, வேலை தேடற நேரத்துல பணம் கட்டறதை நிறுத்தினா சைட்டும் காலி.

கிட்ஹப் பேஜஸ்: கொஞ்சம் ஹெச்.டி.எம்.எல். தெரிஞ்சா போதும், இலவசம். பக்கத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பன் இருந்தா ஒரு டீக்கு வேலை முடிஞ்சுது.

இப்போ முக்கியமான மேட்டர். எங்கே குடியிருந்தாலும் முகவரி உங்களோடதா இருக்கட்டும். அதாவது, உங்க பேர்ல ஒரு டொமைன். வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அவ்வளவுதான். அந்த முகவரியைக் கிட்ஹப் பக்கம் திருப்பலாம். நாளைக்கே பணம் கட்டி வேற இடத்துக்கு மாத்தலாம். பிஹான்ஸ் பக்கத்துக்கே கூட அனுப்பி வைக்கலாம். வீடு மாறினாலும் பயோடேட்டாவுல இருக்கிற லிங்க் மாறாது.

மூணு எச்சரிக்கை மட்டும். ஒண்ணு, டொமைனை உங்க பேர்ல, உங்க சொந்த மெயில்ல பதிவு பண்ணுங்க. காலேஜ் மெயில் வேண்டாம், படிப்பு முடிஞ்சதும் அதைப் பூட்டிட்டா சாவியும் போச்சு. ரெண்டு, சைட்டை பேக்கப்னு நினைக்காதீங்க. சர்வர் மாத்தினப்போ பழைய படம், பாட்டு, வீடியோவையெல்லாம் தொலைச்ச கதை 2019-ல மைஸ்பேஸ்லயே வெளியாச்சு. ஒரிஜினல் ஃபைல் ரெண்டு இடத்துல இருக்கணும். ஒண்ணு உங்க ஹார்ட் டிஸ்க், இன்னொண்ணு வேற எங்காவது. மூணு, வரைஞ்ச எல்லாத்தையும் கொட்டாதீங்க. பெஸ்ட்னு நீங்களே நம்பற பதினஞ்சு போதும்.

இந்த வாரம் ஒரே ஒரு ஹோம்வொர்க். நண்பன் மொபைலை வாங்கி, அதுல உங்க லிங்க்கைத் திறந்து பாருங்க. படம் வந்தா ட்ரீட் வைங்க. வெள்ளைப் பக்கம் வந்தாலும் கவலைப்படாதீங்க. பார்த்தது நண்பன்தானே, இன்டர்வியூ பண்றவர் இல்லையே!