நாயின் சொறிக்குப் பயிர்நாசினி மருந்தாகுமா?

பன்றியும் முள்ளம்பன்றியும் பயிரை அழிக்கும் இடங்களில் காவல்நாயின் உதவி சிறிதன்று. ஆயினும், அதன் உடலிற் சொறி கண்டவுடன் கமக்காரர் பலர் கையாளும் வைத்தியம் நோயினுங் கொடியது என்பதே எமது கருத்து. மிளகாய்க்குத் தெளித்து எஞ்சிய பூச்சிநாசினியை நீரிற் கலந்து நாயின்மேல் ஊற்றுகின்றனர். அஃதின்றேல் உழவு யந்திரத்திலிருந்து வடித்த கழிவு ஒயிலைப் பூசுகின்றனர்.

இவற்றாற் சில நாட்களுக்கு அரிப்புக் குறைவதுண்டு. அதனைக் கண்டே இவ்வழக்கம் பரவிற்று. பயிர்நாசினியோ இலைக்கென ஆக்கப்பட்டது, தோலுக்கென அன்று. மனிதர்க்கே பெருங் கேடென 1995 இல் மொனோகுரோட்டோபொசும் 1998 இல் எண்டோசல்பானும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. சொறிந்து புண்பட்ட தோலினூடாக நஞ்சு விரைவில் இரத்தத்திற் சேரும்; எஞ்சியதை நாய் நக்கி உட்கொள்ளும். சேதனப் பொசுபரசு வகையாயின், வாய்நீர் பெருகி, உடல் நடுங்கி, மூச்சுத் திணறி இறக்கவுங்கூடும். கழிவு ஒயில் தோலை எரிப்பதுடன் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அந்நாயைத் தடவும் குழந்தைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அரிப்புக்குக் காரணம் ஒன்றன்று. காதோரம், முழங்கை, அடிவயிறு ஆகிய இடங்களில் மயிர் உதிர்ந்து பொருக்குக் கட்டினால் சொறிச் சிற்றுண்ணி என ஐயுறலாம். அது தோலைக் குடைந்து முட்டையிடுவது. அதன் வாழ்க்கை வட்டம் ஏறத்தாழ 3 கிழமை. ஆகவே ஒருமுறை மருந்திட்டு நிறுத்துதல் வீண். வீட்டாரின் தோலிலும் அது ஏறிச் சிலகாலம் அரிப்பை உண்டாக்கும். வாலடியையும் பின்தொடையையும் நாய் ஓயாது கடிக்குமாயின் அது பெரும்பாலும் தெள்ளு. தெள்ளின் முட்டையும் புழுவும் நாய் படுக்கும் சாக்கிலும் மணலிலுமே பெரிதும் கிடக்கும். வேரை விட்டுக் களையின் தலையை மட்டும் கொய்வார் உண்டோ? சாக்கை வெந்நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்தாது நாயை மட்டும் கழுவுவதும் அத்தகையதே.

மிருக வைத்தியர் தொலைவிலுள்ளார் என்பது நியாயமான முறைப்பாடே. அதற்காக, மாட்டுக்கென வாங்கிய ஐவர்மெக்ரின் ஊசிமருந்தைக் கண்ணளவில் ஏற்றுதல் தகாது. சிலவின நாய்களுக்கு அது சிற்றளவிலும் நஞ்சாகும். நாய்க்குரிய பேர்மெத்திரின் மருந்தைப் பூனைக்கு இடுவதும் அதனைக் கொல்லக்கூடும். வைத்தியரிடம் செல்லும்வரை நாயைப் பிறநாய்களிலிருந்து பிரித்துக் கட்டி, படுக்கையை மாற்றுதல் போதும். நாசினியை ஏற்கெனவே பூசியிருப்பின், கையுறையணிந்து சவர்க்காரமிட்டுப் பன்முறை கழுவி, போத்தலையும் அதன் சுட்டுத்துண்டையும் உடன்கொண்டு அன்றே வைத்தியரிடம் செல்க.