‘மின்கார் என்றால் அப்படித்தான்’ என்ற பதிலைக் கைவிடுவோம்

“வண்டி ரொம்பத் தூக்கிப் போடுது” என்ற புகாரோடு மின்கார்கள் நம் பட்டறைகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. “பேட்டரி வெயிட்டு சார், அப்படித்தான் இருக்கும்” என்று திருப்பி அனுப்புகிறோம்; அல்லது நான்கு ஷாக் அப்சார்பருக்கும் எஸ்டிமேட் போடுகிறோம். இரண்டுமே வண்டியைச் சோதிக்காமல் சொல்லும் பதில்கள்.

எடை கூடுதல் என்பது உண்மைதான். பல கார்களில் பேட்டரி மட்டுமே 250 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்கத்தான் ஸ்பிரிங்கை விறைப்பாக அமைக்கிறார்கள். ஆனால் வாங்கியபோது நன்றாக ஓடிய வண்டி இப்போது உதறுகிறது என்றால், எடையைக் காரணம் சொல்ல முடியாது. பேட்டரியின் எடை அன்றும் அதேதான். எங்கோ ஏதோ தேய்ந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

ஸ்பேனரை எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்போம். எந்த வேகத்தில் வருகிறது? எப்படிப்பட்ட சாலையில் வருகிறது? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வருகிறதா? பிறகு வாடிக்கையாளரையும் ஏற்றிக்கொண்டு டெஸ்ட் டிரைவ் போவோம். அவர் ‘ஆட்டம்’ என்று சொல்வதும் நாம் நினைப்பதும் வேறாக இருக்கலாம்.

நல்ல சாலையிலும் 80 முதல் 110 கி.மீ. வேகத்துக்குள் உதறல் வந்தால் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள டயர், 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 14 முறை சுழலும். சஸ்பென்ஷனில் சக்கரம் தானாகத் துள்ளும் அதிர்வும் நொடிக்கு 10 முதல் 15 வரை என்பதால், சிறிய பேலன்ஸ் கோளாறுகூட அந்த வேகத்தில் பெரிதாகத் தெரியும். மோட்டாரின் கதை வேறு. கியர் விகிதம் ஒன்பதுக்கு ஒன்று என்றால், அதே வேகத்தில் அது நொடிக்கு 125 சுற்றுப் போடும். அங்கே பழுதிருந்தால் இரைச்சலாகக் காதில் விழும். ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டாது.

சந்தேகம் தீரவில்லையா? போக்குவரத்தில்லாத நேர்சாலையில் அதே வேகத்தில் ஒரு கணம் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். உதறல் அப்படியே இருந்தால் டயர், ரிம், ஹப் என்று தேடலாம். நின்றுவிட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டும் மோட்டார் மவுண்டிங்கும் சந்தேகத்துக்குரியவை. நின்ற இடத்திலேயே முழு முறுக்குவிசையைத் தருவது மின்மோட்டார். காலை எடுத்தவுடன் ரீஜென் எதிர்த்திசையில் இழுக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் அடிபடுபவை அந்த ஜாயின்ட்டும் மவுண்டிங்கும்தான்.

சின்னப் பள்ளத்திலும் ‘டக்’கென்று அடித்தால் முதலில் காற்றைப் பாருங்கள். மின்கார்க்காரர் பெட்ரோல் பங்க்குக்குப் போவதில்லை. அங்கே காற்றுப் பார்க்கும் பழக்கமும் அதோடு விட்டுப்போகிறது. சிலரோ ரேஞ்ச் கூடும் என்று அளவுக்கு மேல் அடித்துவிடுகிறார்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவே சரியான அளவு. அதையும் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் 4, 5 பிஎஸ்ஐ கூடியிருப்பது இயல்பு. அதைக் கண்டு காற்றைக் குறைத்துவிடக் கூடாது.

அடுத்து, டயரின் பக்கவாட்டு எழுத்துகளைப் படியுங்கள். 215/60 ஆர்16 டயரின் பக்கச்சுவர் உயரம் 129 மி.மீ. அழகுக்காக 225/45 ஆர்18 போட்டால் அது 101 மி.மீ. ஆகிறது. அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பரில் 28 மி.மீ. போய்விட்டது. இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்னதில் சுமைக் குறியீடு 95 இருந்தால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். பின்னதைச் சாதாரண வகையில் வாங்கினால் குறியீடு 91, 615 கிலோதான். கனமான வண்டியில் இதைக் கவனிக்காமல் மாட்டுவது வசதிக் குறைவோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து.

டயர் சரியாக இருந்தால் மட்டுமே மேலே போக வேண்டும்: லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்டிங், பம்ப் ஸ்டாப், கடைசியாக ஷாக் அப்சார்பர். பெட்ரோல் மாடலின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பாக எண்ணைச் சரிபார்க்காமல் மாட்டாதீர்கள். புஷ் மாற்றினால், வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய நிலையில் போல்ட்டை இறுதியாக முறுக்குங்கள். லிஃப்ட்டில் தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும்; சவாரி விறைக்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். நாம் பார்த்த வேலையே மறுபடி புகாராக வருவது இப்படித்தான்.

ஜாக்கியைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வையுங்கள். பேட்டரிப் பெட்டியின் அடியில் வைக்கவே கூடாது. ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயர் மின்னழுத்தம் இருக்கிறது. அதற்கான பயிற்சி பெறாதவர் தொட வேண்டாம். மேலே சொன்ன சஸ்பென்ஷன், டயர் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவற்றைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே, “இது கம்ப்யூட்டர் வண்டி, நமக்கு ஒத்துவராது” என்று சிறிய பட்டறைகள் ஒதுங்க வேண்டியதில்லை. என்ஜின் சத்தத்தில் மறைந்திருந்த லிங்க் ராட் ஓசையை இன்று வாடிக்கையாளரே கேட்டுவிட்டு வருகிறார். அதைத் தேடிப் பிடிக்கும் கைத்தேர்ச்சி நம்மிடம் பல காலமாக இருக்கிறது.

குறை நம் பில்லில்தான் இருக்கிறது. பாகத்துக்கும் மாட்டும் கூலிக்கும் காசு வாங்குகிறோம். பழுதைக் கண்டுபிடித்த ஒரு மணி நேரத்துக்கு வாங்குவதில்லை. அதனால்தான் தேவையில்லாத பாகத்தை விற்று அந்த நேரத்தை ஈடுகட்டும் ஆசை வருகிறது. ஜாப் கார்டில் ‘சோதனைக் கட்டணம்’ என்று தனி வரி போடுங்கள். எந்த வேகத்தில் என்ன கண்டோம், காற்று எவ்வளவு இருந்தது, எதைச் சோதித்து விலக்கினோம் என்று எழுதிக் கொடுங்கள். நான்கு ஷாக் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் சிறியது என்பது வாடிக்கையாளருக்குப் புரியும். காற்றைச் சரிசெய்ததிலேயே குறை தீர்ந்தால், அதைச் சொல்லி அந்தக் கட்டணத்தை மட்டும் வாங்குங்கள். அடுத்த வேலைக்கும் அவர் உங்களிடமே வருவார்.