அந்தம்மா சொன்னதை அப்படியே எழுதுங்க!

போன வாரம் ஒரு காவல் நிலைய வாசல். காலை 11 மணி. செய்தி கிடைக்குமா என்று போயிருந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. புருஷனுக்கு கான்டிராக்ட் வேலை. சம்பளம் வாங்கினால் குடி. குடித்தால் அடி, உதை.

கையில் ஒரு மனு வைத்திருந்தார். "தம்பி, இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். வாங்கிப் படித்தேன். கணவருடன் வாய்த் தகராறாம். அழைத்து அறிவுரை கூறி சேர்த்து வைக்க வேண்டுமாம்.

"ஏன்க்கா, அடிச்சதை சொல்லலையா?"

"வெறகு கட்டையால அடிச்சான்னு மூணு தடவை சொன்னேனே! எழுதினவருதான், இப்படி எழுதினா போதும்மா, குடும்பம் உடையாதுன்னாரு."

அதற்கு 100 ரூபாய் கூலி வேறு. அடி வாங்கியது ஒருத்தர். அது அடியா, வாய்ச் சண்டையா என்று முடிவு செய்தது இன்னொருத்தர்!

எழுத வராத எழுத்தாளர்

எனக்கு வை.மு.கோதைநாயகி அம்மாள் ஞாபகம் வந்தார். 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதிலேயே கல்யாணம். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் மனசு நிறைய கதை. சரளமாக எழுத வராது. என்ன செய்தார்? அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படி பிறந்ததுதான் 'இந்திர மோகனா' நாடகம்.

அப்புறம் தானே எழுதப் பழகினார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தினார். ஏறத்தாழ 35 வருஷம் அதுதான் அவர் உயிர். 115 நாவல்கள் எழுதினார். வரதட்சணை, குடி, விதவைகளின் கஷ்டம் என்று வீட்டுக்குள் அமுக்கி வைத்த சங்கதிகளை எல்லாம் அச்சில் ஏற்றினார்.

எழுத்தோடு நிற்கவில்லை. காந்தியைப் பார்த்த பிறகு பட்டும் நகையும் போயின, கதர் வந்தது. கள்ளுக்கடை மறியலில் இறங்கி வேலூர் ஜெயிலுக்கும் போனார். அங்கேயும் பேனாவை கீழே வைக்கவில்லை. வெளியே கணவர் பார்த்தசாரதி பத்திரிகையை கவனித்துக் கொண்டார். 1960-ல் அம்மையார் காலமானார்.

அன்றைக்கு அந்த பட்டம்மாள், "இதெல்லாம் குடும்பப் பெண் பேசுற பேச்சா?" என்று மாற்றி எழுதியிருந்தால்? கோதைநாயகி என்ற பெயரே நமக்கு தெரிந்திருக்காது.

சட்டம் என்ன சொல்லுது?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டம், 173-வது பிரிவு. போலீசார் நேரடியாக வழக்குப் போடக் கூடிய குற்றத்தை ஒருவர் வாயால் சொன்னாலே போதும். நிலைய அதிகாரி அதை எழுத வைக்க வேண்டும். சொன்னவருக்கு படித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் கையெழுத்து. பதிவான தகவலின் நகலையும் காசில்லாமல் கொடுக்க வேண்டும். இது புதுசு இல்லை. பழைய சட்டத்திலும் 154-வது பிரிவில் இருந்ததுதான்.

பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 181 என்ற நம்பருக்கு போன் செய்தால் பேச ஆள் உண்டு. மரத்தடியில் இருந்தவருக்கு இதில் ஒன்றுகூட தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

"குடும்ப விஷயத்தை ஸ்டேஷனுக்கு கொண்டு போகலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சேர்ந்து வாழ வேண்டும் என்று அந்தப் பெண்ணே நினைக்கலாம். தப்பில்லை. ஆனால் நடந்ததை எழுதிவிட்டு சமாதானம் பேசுங்கள். நடக்காத மாதிரி எழுதிவிட்டு பேசினால் அது சமாதானம் இல்லை, மூடி மறைப்பு. நாளைக்கு அடி பலமாக விழுந்தால், பழைய மனுவில் இருப்பது "வாய்த் தகராறு"தானே?

நெய்வேலியில் ஆளா இல்லை?

1998-ல் புத்தகக் கண்காட்சி தொடங்கிய ஊர் இது. டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு வட்டம் படித்த பெண்கள் இருக்கிறார்கள். ரிட்டயரான டீச்சர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம். ஒரு மேஜை, ஒரு பேனா, நாலு வெள்ளைத் தாள். சுற்று வட்டார கிராமத்துப் பெண்கள் சொல்வதை சொன்னபடி எழுதிக் கொடுங்கள். கையெழுத்து போடவும் பழக்கி விடுங்கள். கோதைநாயகிக்கு சிலை வைப்பதை விட பெரிய மரியாதை இது.

அன்று என் நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். அவர் சொன்னார், நான் எழுதினேன். விறகு கட்டை, அடி விழுந்த நேரம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து விலக்கியது எல்லாம். முடித்து படித்துக் காட்டினேன்.

"இன்னொரு தடவை படி தம்பி" என்றார். படித்தேன்.

"ஆமா. இதான் நடந்துச்சு" என்றபடி தாளை வாங்கிக் கொண்டு எழுந்தார். நேரே உள்ளே போனார்.